திரை சுமத்திய பழி

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நாங்கள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். நாங்கள் என்றால், மண்டி மொஹல்லாவில் பெயின்ட்டும் கயிறும் விற்கிற ஒரு கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர். ஜன்னலைத் திறந்தால் ஆட்டோ ஹாரன், மூடினால் டர்பென்டைன் வாடை. அங்கே பெண் என்று நான் ஒருத்திதான். தமிழும் நான் மட்டும்தான். அப்பா கொள்ளேகால் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், வேலையில் பாதி இங்கிலீஷ் என்று வளர்ந்தவள் நான்.

நாங்கள் எழுதிய புரோகிராம் செய்த காரியம் எளிமையானது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவைத் தட்டச்சு செய்தால், வார்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் அதைப் பார்க்கலாம். மருத்துவமனைக்கு இதில் ஏகப் பெருமை. சீட்டில் எழுதி அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். போனில் முடிவு சொல்வதையும் தடை செய்துவிட்டார்கள். காதில் தப்பாக விழுந்துவிடும் என்பது காரணம். இனி எல்லாம் திரையில்தான்.

அந்தத் திரையால் ஒரு நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

நடந்தது இது. குண்டலுபேட்டையில் காய்கறி வியாபாரம் செய்யும் ஒரு பெரியவரை அவருடைய மகன் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சில நாளாக வாந்தி, இப்போது பேச்சுக் குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை. ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று தெரிந்தால்தான் என்ன ஏற்றுவது, எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்று முடிவு செய்ய முடியும். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். பரிசோதனையும் முடிந்தது. வார்டில் இருந்த நர்ஸ் நோயாளியின் எண்ணைத் தட்டி எண்டர் அடித்தார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது: “இல்லீகல் ஆக்சஸ். ஆபரேஷன் அபார்ட்டட்.”

ஒரு மருத்துவமனை வார்டில் வைத்து இந்த நான்கு வார்த்தைகளையும் படித்துப் பாருங்கள். இல்லீகல் என்றால் சட்டவிரோதம். ஆபரேஷன் என்றால் அங்கே அறுவை சிகிச்சை. அபார்ட் என்றால் கருக்கலைப்பு என்று எந்த நர்ஸுக்கும் சொல்ல வேண்டியதில்லை. ‘திறக்க முடியவில்லை’ என்பதற்கு இதை எழுதியவன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

நர்ஸ் மறுபடி தட்டினார். அதே வரி. ஆயாவைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். “நாங்க போட்டாச்சு, கம்ப்யூட்டர்ல பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவரைத் தேடினார், அவர் சாப்பிடப் போயிருந்தார். கம்ப்யூட்டரைக் கெடுத்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்று நிர்வாகம் முன்பே மிரட்டி வைத்திருந்ததால், மேற்கொண்டு எதையும் அழுத்த நர்ஸுக்குக் கை வரவில்லை. டாக்டர் வேறொரு நோயாளியோடு ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அவர் வெளியே வந்து, விஷயம் தெரிந்து, தானே கூடத்துக்கு நடந்து போய்க் கேட்டு வருவதற்குள் பெரியவருக்கு வலிப்பு வந்துவிட்டது.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மகன் வரவேற்பறையில் நின்று சத்தம் போட்டார், அதில் தப்பே இல்லை. பழி போட நிர்வாகத்துக்கு உடனே ஒரு ஆள் தேவைப்பட்டது. நிர்வாக அதிகாரி வார்டுக்கு வந்து திரையைப் படித்தார். நர்ஸைப் பார்த்து, “யாரோட ரிப்போர்ட்டைத் திருட்டுத்தனமா பார்க்கப் போனே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

மறுநாள் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நாளைக்கு அங்க விசாரணை. நீ போ. மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லன்னு சொல்லிட்டு வந்துடு. அந்த நர்ஸ் தமிழாம். நீ பேசினா அழாம கேட்டுப்பா.”

போவதற்கு முன்னால் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அந்தப் பகுதியை எழுதியது எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த சீனியர். எங்களில் ரொம்பக் கெட்டிக்காரர் என்று பெயர். ஃபைலைத் திறக்க முடியாமல் போனால், என்ன காரணமாக இருந்தாலும் சரி, அந்த ஒரே வரியைக் காட்டும்படி எழுதியிருந்தார். எண் தப்பாக இருந்தாலும் இல்லீகல். டிஸ்கில் இடம் இல்லையென்றாலும் இல்லீகல். கேபிள் கழன்றிருந்தாலும் இல்லீகல். அன்று நடந்தது இவை எதுவுமே இல்லை. போன் செய்து விசாரித்தால், பரிசோதனைக் கூடத்தில் முடிவைப் போட்டவர், அந்த நோயாளியின் பக்கத்தை மூடாமல் டீ குடிக்கப் போயிருக்கிறார். ஒருவர் திறந்து வைத்திருக்கும் பக்கத்தை இன்னொருவர் திறக்க முடியாதபடி பூட்டு இருந்தது. அவ்வளவுதான். ‘இந்தப் பக்கம் பரிசோதனைக் கூடத்தில் திறந்திருக்கிறது, அவர்களிடம் மூடச் சொல்லுங்கள்’ என்று திரை சொல்லியிருந்தால், ஆயா கையிலேயே சொல்லி அனுப்பியிருக்கலாம்.

சீனியரிடம் போய்க் கேட்டேன். எங்களுக்குள் கன்னடத்தில்தான் பேச்சு.

“இதுல எதுக்கு இல்லீகல்னு போட்டீங்க?”

“ஃபைல் திறக்கலன்னா ஃபங்ஷன் மைனஸ் ஒண்ணுன்னு ஒரு நம்பரை மட்டும் திருப்பி அனுப்புது. ஏதாவது போடணும்ல, போட்டேன்.”

“ஒரு அம்மாவை சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க.”

“எரர் மெசேஜை யாராவது படிப்பாங்களா?” என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். பார்வையைத் திரும்பவும் திரையில் பதித்துக்கொண்டார். மேசையில் இருந்த அவருடைய டீயைத் தட்டிவிடலாமா என்று இருந்தது. தட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விசாரணை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் அந்த நர்ஸ் உட்கார்ந்திருந்தார். நாற்பதுக்கு மேல் வயது. கழுத்தில் சின்னச் சிலுவை. யூனிஃபார்ம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் சேலையில் வந்திருந்தார். நான் தமிழில் பேசியதும் எழுந்து நின்றார்.

“நான் ஒண்ணும் பண்ணலைங்க மேடம். நம்பர் போட்டேன், எண்டர் அடிச்சேன். அது அப்படிச் சொல்லிடுச்சு.”

“உக்காருங்க சிஸ்டர். உங்க மேல தப்பே இல்ல. பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“அப்போ எதுக்கு அப்படிச் சொல்லுச்சு?”

பூட்டு விஷயத்தை நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “வீட்ல என் பெரிய பொண்ணு கேக்கறா, என்னம்மா இல்லீகலா பண்ணினேன்னு. சர்ச்சுல யாரோ சொல்லியிருக்காங்க. பேஜாராயிடுச்சும்மா.”

உள்ளே நிர்வாக அதிகாரியும் டாக்டரும் நர்ஸுகளின் மேற்பார்வையாளரும் இருந்தார்கள். அதிகாரி என்னிடம் நேராகக் கேட்டார். “கம்ப்யூட்டர் இல்லீகல்னு சொல்லியிருக்கு. சொல்லுச்சா இல்லையா?”

“சொல்லுச்சு சார். ஆனா அது பொய்.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

“கம்ப்யூட்டர் எதுவும் சொல்லாது சார். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் உக்காந்து எழுதின வரி அது. நீங்க எழுதச் சொல்லியிருந்தா உங்க பேரையும் இல்லீகல்னு எழுதியிருப்பாங்க.”

டாக்டர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார். பூட்டு விஷயத்தை விளக்கினேன். அவர்கள் நம்பவில்லை. வார்டுக்குக் கூட்டிப் போய், பரிசோதனைக் கூடத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்லி, அதிகாரியையே எண்ணைத் தட்டச் சொன்னேன். அவர் எண்டர் அடித்தார். திரை அவரைப் பார்த்து இல்லீகல் என்றது. அவர் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த அம்மாவும் இப்படித்தான் கையை இழுத்திருப்பார் என்று அப்போது தோன்றியது. ஆனால் இவரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

நர்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்பு ஒன்றும் இல்லை. “ஆயிடுச்சு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார் அதிகாரி. வார்டுக்கு விடாமல், வெளிநோயாளிகள் பிரிவில் டோக்கன் கொடுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். இருபது வருஷமாக ஊசி போட்ட கை.

ஆபீஸில் முதலாளி காத்திருந்தார். நான் சொன்னதெல்லாம் எனக்கு முன்னால் அவர் காதுக்கு வந்திருந்தது. “கம்பெனிச் சோத்தைத் தின்னுட்டு கம்பெனியையே காட்டிக் கொடுத்திருக்கே” என்றார். மருத்துவமனை எல்லா வாசகங்களையும் மாற்றித் தரச் சொல்லியிருந்தது. “நீதானே கிளப்பினே, நீயே உக்காந்து மாத்து.”

நான் மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் இன்னொருவர் புதிதாக இன்னொரு இல்லீகல் எழுதுவார். அதனால் வேறொன்று செய்தேன்.

எங்கள் ஆபீஸில் யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தில் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் ‘லின்ட்’ என்றொரு கருவி. துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுப் பிசிறுக்கு இங்கிலீஷில் அந்தப் பெயர். புரோகிராமை ஓட்டாமல் வெறுமனே வாசித்து, இந்த வரி சந்தேகமாக இருக்கிறது, இதைப் பார் என்று பிசிறு பிசிறாக எடுத்துக் காட்டும். ஆனால் மனிதர்கள் படிக்கப்போகும் வாக்கியத்தை அது கண்டுகொள்ளாது. அந்த வாக்கியத்தை எழுதும் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் என்ன குப்பை இருந்தாலும் அதற்குச் சம்மதம். அந்தக் குப்பையை மட்டும் வாசிக்கிற ஒரு லின்டை நான் எழுதினேன்.

முதலில், பிழை வந்தால் திரையில் காட்டுவதற்கு ஒரே ஒரு வழிதான் என்று ஆக்கினேன். அந்த வழியில் இரண்டு வாக்கியம் கொடுத்தாக வேண்டும். என்ன நடந்தது என்று ஒன்று, இப்போது என்ன செய்யலாம் என்று ஒன்று. இரண்டில் எது காலியாக இருந்தாலும் என் கருவி அந்த வரியைப் பிடித்துக் காட்டும். இல்லீகல், இன்வேலிட், ஃபேட்டல், அபார்ட் என்ற வார்த்தைகள் வந்தால் பிடிக்கும். வெறும் நம்பரை மட்டும் காட்டினாலும் பிடிக்கும். அது பிடித்த எதையும் சரி செய்யாமல், எழுதிய வரிகளை ஓடுகிற புரோகிராமாகக் கட்ட முடியாதபடி அதை நடுவில் நிறுத்தி வைத்தேன். கோபத்தில் எழுதியதாலோ என்னவோ, வேகமாக எழுதி முடித்துவிட்டேன்.

முதல் தடவை ஓட்டியபோது பிரின்டர் விடாமல் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. மடிப்பு மடிப்பாகக் காகிதம் மேசையிலிருந்து வழிந்து தரையில் குவிந்தது. எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அவரவர் எழுதியது அவரவர் காலடியில் கிடந்தது. ‘ஏதோ தப்பு.’ ‘இங்கே வரவே கூடாது.’ ‘யூசர் எரர்.’ ஒன்றில் வெறும் ‘ஐயோ’. யாருக்கும் வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை. “டீச்சரம்மா வந்துட்டாங்க” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

சீனியர் ஒரே பகலில் தன் பங்கை முடித்துவிட்டார். கருவி அவருடையதில் எதையும் பிடிக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து திறந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே வாசகத்தை ஒட்டியிருந்தார். ‘ஒரு பிரச்சினை ஏற்பட்டுள்ளது. தயவுசெய்து ஆவன செய்யவும்.’ நல்ல இங்கிலீஷில், மரியாதையாக. இரண்டு வாக்கியமும் இருந்தன. தடை செய்த வார்த்தை ஒன்றும் இல்லை. என் சட்டத்தை ஒரு எழுத்துகூட மீறாமல் என்னை முட்டாளாக்கியிருந்தார்.

அன்றே இன்னொரு விதியைச் சேர்த்தேன். ஒரே வாசகம் இரண்டு இடத்தில் வரக் கூடாது. மறுநாள் காலை கருவி அவர் புரோகிராமைக் கட்ட விடவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார்.

“உனக்கு என்ன வேணும்?”

“அந்தந்த இடத்துல என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க.”

“எல்லா இடத்துலயும் ஒண்ணுதான் நடக்குது. ஃபைல் திறக்கல.”

“ஏன் திறக்கலன்னு எழுதுங்க.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க எழுதின புரோகிராம். உங்களுக்கே தெரியலன்னா வார்டுல நிக்கிற அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

மாடியில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் முதலாளியிடம் போனார். மருத்துவமனையிலிருந்து நச்சரிப்பு இருந்ததால் முதலாளி, “சீக்கிரம் முடிச்சுத் தொலைங்க” என்று மட்டும் சொன்னார். சீனியர் திரும்பி வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்தார். பல நாள் அப்படியே போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. “ஒரு இடத்துல இரண்டாவது வாக்கியம் எழுத முடியல. வந்து பாரு” என்றார்.

அது பரிசோதனைக் கூடத்தின் திரை. முடிவைத் தட்டிச் சேமிக்கும் இடம். அந்த நேரத்தில் வார்டில் யாராவது அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் சேமிப்பு நடக்காது. பழைய புரோகிராம் என்ன செய்தது என்றால், ‘எரர்’ என்று கண் இமைக்கும் நேரம் காட்டிவிட்டு, சேமித்தது போலவே திரையைத் துடைத்துவிடும். தட்டிய முடிவு எங்கேயும் இருக்காது. இப்போது என்ன செய்யலாம் என்று எழுத உட்கார்ந்தபோதுதான், செய்வதற்கு எதுவுமே மிச்சமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரியான ஒரு வாக்கியம் எழுத முடியாததால் இது வெளியே வந்தது. இல்லாவிட்டால் வந்திருக்காது. எத்தனை பேரின் முடிவு இப்படிக் காணாமல் போயிருக்கும்? டோக்கன் மேசையில் இருந்த சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். “அது அடிக்கடி ஆகும்மா. ரிசல்ட் வராது. லேப்ல போட்டாச்சும்பாங்க. இங்க இருக்காது. நாங்கதான் சாம்பிள் அனுப்பலன்னு திட்டு. மறுபடி குத்தி ரத்தம் எடுப்போம். குழந்தைங்களை எல்லாம் ரெண்டாந்தரம் குத்தியிருக்கோம்” என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

முதலாளி சத்தம் காட்டாமல் திருத்திக் கொடுத்துவிடச் சொன்னார். நான் கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போய் அந்த டாக்டரிடமே சொன்னேன். அவர் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டு, திருத்தம் வரும்வரை முடிவுகளைச் சீட்டிலும் எழுதி அனுப்பச் சொன்னார். முதலாளி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். வேலையைவிட்டு அனுப்பவில்லை. மருத்துவமனை இனி என்னைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டது, அதனால்.

புதிய புரோகிராம் போனது. திரை மனிதப் பேச்சுப் பேச ஆரம்பித்தது. அடுத்து ஒரு மில்லுக்கு வேலை வந்தபோது, நேரமில்லை, அந்தக் கருவியைத் தூக்கிப் போடுங்கள் என்றார் முதலாளி. நான் வாயைத் திறப்பதற்குள் சீனியர், “அது இருக்கட்டும் சார்” என்றார். முதலாளி இரண்டாவது தடவை சொன்னபோதும் இவர் அதையே சொன்னார். கருவி இருந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபமும் இருந்தது. ஒரு தடவை, “அந்த சிஸ்டரைப் போய்ப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “போய் என்ன சொல்றது” என்று எழுந்து போய்விட்டார்.

சிஸ்டர் அதற்குள் அந்த மருத்துவமனையைவிட்டு விலகிவிட்டிருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். பழையபடி வெள்ளை யூனிஃபார்மில் இருந்தார். மருந்து வாசனை அடிக்கும் சின்ன அறையில் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

“எல்லாத்தையும் மாத்தியாச்சு சிஸ்டர். இப்போ என்ன ஆச்சுன்னு தெளிவா சொல்லும். நீங்க வந்து ஒருநாள் பார்க்கணும்.”

“நல்லதும்மா. இருக்கறவங்களுக்கு நல்லது. நான் வரல.”

“மெஷின் மேல பயமா?”

“மெஷின் மேல எதுக்கு? நான் இருபது வருஷம் அங்க இருந்தேன். அது வந்து ஒரு வருஷம்கூட ஆகல. ரெண்டு பேருல யாரை நம்பினாங்க?”

நான் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தேன். அவர் கேட்டார். “அதை எழுதினவரை உனக்குத் தெரியுமா?”

“தெரியும். எனக்கு எதிர்லதான் உக்காந்திருப்பார்.”

“அவருக்கு என்னைத் தெரியுமா?”

“தெரியாது சிஸ்டர்.”

“பேராவது?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தார். ஒரு நோயாளிக்கு டிரிப் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் நெடுஞ்சாலைக்கு நடந்து வந்து மைசூர் பஸ்ஸுக்காக நின்றேன். கோபம் தணியட்டும் என்று இரண்டு பஸ்ஸை விட்டேன், தணியவில்லை. மூன்றாவதில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.